தொடர் தோல்வி: சீட்டின் குற்றமா, ஆட்டத்தின் குற்றமா?

2009 டிசம்பர் 8 அன்று, ஃபுல் டில்ட் போக்கர் தளத்தில் ‘இசில்டுர்1’ என்ற புனைபெயரில் ஆடிவந்த ஒருவர், பிரையன் ஹேஸ்டிங்ஸ் என்ற அமெரிக்கரிடம் சுமார் ஐந்து மணி நேரத்தில் ஏறத்தாழ 42 லட்சம் டாலர் தோற்றார். அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் விக்டர் புளோம் என்ற ஸ்வீடன் இளைஞர். அப்போது அவருக்கு வயது 19. அவர் யாரென்று முறையாக அறிவிக்கப்பட்டதே 2011 ஜனவரியில்தான். தோற்பதற்குச் சில வாரங்கள் முன்புவரை, பெயர்பெற்ற ஆட்டக்காரர்களைத் திணறடித்து மில்லியன் கணக்கில் குவித்துக்கொண்டிருந்தவரும் அவரே.

அன்று ஆடியது ஒமாஹா. கையில் நான்கு சீட்டு வைத்து ஆடும் அந்த வகையில் ஏற்ற இறக்கம் மிக அதிகம். ஆகவே நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஹேஸ்டிங்ஸ் பின்னர் ஒரு பேட்டியில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். நண்பர்கள் பிரையன் டவுன்செண்ட், கோல் சவுத் இருவரோடும் சேர்ந்து புளோமின் பழைய ஆட்டப் பதிவுகளை அலசிய பிறகே மேசைக்கு வந்தாராம். அந்தப் பதிவுகளைச் சேர்த்த விதம் விதிமீறல் என்று டவுன்செண்டின் ‘ரெட் ப்ரோ’ தகுதியை, அதாவது தளத்தின் ஆதரவு பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர் என்ற நிலையை, தளம் ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. சீட்டும் கைவிட்டிருக்கலாம், எதிராளி கூடுதலாகப் படித்துவிட்டும் வந்திருந்தார். மேசையில் உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருந்தவருக்கு இதில் எது எவ்வளவு என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

ஆன்லைன் போக்கரில் தொடர்ந்து தோற்பவர் ஒவ்வொருவரின் சிக்கலும் இதுதான். தோல்வி எங்கிருந்து வருகிறது என்று தோற்கும்போது தெரியாது.

கணக்கைப் பார்த்தால் ஏன் தெரியாது என்பது விளங்கும். ஒரு முறை சீட்டுப் போட்டு முடிவதை ஒரு கை என்போம். ஒவ்வொரு கையிலும் ஒருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் பெரிய பந்தயத்துக்கு பிக் பிளைண்ட் என்று பெயர். அது 1 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நோ-லிமிட் ஹோல்டம் ஆட்டத்தில் ஆறு பேர் மேசையில் 100 கைக்கு சராசரியாக 5 டாலர் ஜெயிப்பவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அதே 100 கையில் அவருடைய கணக்கு மேலும் கீழும் ஆடும் அளவு, புள்ளியியலில் திட்டவிலக்கம் என்று சொல்வது, 80 முதல் 100 டாலர் வரை இருக்கும். 90 என்று எடுத்துக்கொண்டால், திறமை தரும் லாபத்தைப் போல 18 மடங்கு.

10,000 கை ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 500 டாலர், திட்டவிலக்கம் 900 டாலர். அதாவது 10,000 கை முடிவில் இந்த நல்ல ஆட்டக்காரர் நஷ்டத்தில் இருப்பதற்கான வாய்ப்பு 100க்கு 29. ஒரு மேசையில் மணிக்கு 70 கை, இரண்டு மேசை, தினம் நான்கு மணி நேரம் என்றால் 10,000 கைக்குப் பதினெட்டு நாள் ஆகும். கிட்டத்தட்ட மூன்று வாரம் ஒழுங்காக ஆடியும் கைப்பணம் கரைந்திருப்பது அதிசயமே இல்லை. ஒரு லட்சம் கை ஆடினால் அந்த வாய்ப்பு 100க்கு 4 ஆகக் குறையும். ஆனால் அவருடைய சராசரி 5 இல்லாமல் 2 டாலர் என்றால், ஒரு லட்சம் கைக்குப் பிறகும் 100க்கு 24 என்று நிற்கும். ஆறு மாத உழைப்பு முடிந்து பார்த்தால், நாலில் ஒருவர் கணக்கு கழித்தலில்.

இதுவரை படித்ததும் பலருக்கு ஆறுதலாக இருக்கும். இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 100 கைக்கு 5 டாலர் தோற்கும் மோசமான ஆட்டக்காரர் 10,000 கை முடிவில் லாபத்தில் இருப்பதற்கும் 100க்கு 29 வாய்ப்பு உண்டு. அந்த மூன்று வாரத்தில் அவர் தன்னைப் பெரிய கெட்டிக்காரர் என்று நம்பிவிடுவார். பிறகு பணம் அதன் இயல்பான வழியில் போகத் தொடங்கும்போது, அதற்கு ‘டவுன்ஸ்விங்’, அதாவது தற்காலிகச் சரிவு, என்று பெயர் வைப்பார். தொடர் தோல்வியிலிருந்து மீள வழி கேட்பவர்களில் கணிசமானோர் இந்த வகை என்பது என் எண்ணம். அவர்களுக்குக் கெட்ட காலம் இப்போது வரவில்லை. முன்பு வந்த நல்ல காலம்தான் முடிந்திருக்கிறது.

இதற்குத் துணைபோவது ‘ரேக்’, அதாவது ஒவ்வொரு கையிலும் நடுவில் குவியும் பணத்திலிருந்து தளம் எடுக்கும் பங்கு. ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு 5 சதவீதம் என்பது பல தளங்களில் வழக்கம். சமமான திறமை உள்ள ஆறு பேர் ஆடினால் ஆறு பேருமே மெல்ல மெல்லத் தோற்பார்கள். ஜெயிப்பது தளம் மட்டும். சின்னப் பந்தய மேசைகளில்தான் இந்தப் பங்கு விகிதத்தில் அதிகமாக உறைக்கும். இந்தியாவில் 2023 அக்டோபர் 1 முதல் ஆட்டக்காரர் கட்டும் பணத்தின் மீது 28 சதவீத ஜிஎஸ்டியும் வந்தது. சிறு திறமை வித்தியாசத்தை நம்பி ஆடியவருக்கு அந்த வித்தியாசத்தை விழுங்க அதுவே போதும்.

சரி, சீட்டா ஆட்டமா என்று சோதிக்க வழி உண்டா? ஓரளவு உண்டு. போக்கர் டிராக்கர், ஹோல்டம் மேனேஜர் போன்ற மென்பொருள்கள் ஆடிய கைகளையெல்லாம் பதிந்து வைக்கும். அவற்றின் வரைபடத்தில் உண்மையில் கிடைத்த பணம் ஒரு கோடு. ‘ஆல் இன்’ சொன்ன, அதாவது மொத்தப் பணத்தையும் வைத்த, கைகளில் நியாயமாக வந்திருக்க வேண்டிய பணம் இன்னொரு கோடு. நீங்கள் இரண்டு ஏஸ் வைத்துக்கொண்டு, இரண்டு கிங் வைத்திருப்பவரிடம் மொத்தப் பணத்தையும் வைத்தால், 100க்கு சுமார் 82 முறை நீங்கள் ஜெயிக்க வேண்டும். மீதி 18ல் மாட்டிக்கொண்டால் முதல் கோடு சரியும், இரண்டாவது நிமிர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி பெரிது என்றால் சீட்டு காலை வாரியிருக்கிறது என்று சொல்லலாம். இரண்டும் சேர்ந்தே சரிந்தால் ஆட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் அதுவும் முடிந்த முடிவு அல்ல. உங்களுக்கு கிங் வரும்போதெல்லாம் எதிராளிக்கு ஏஸ் வந்துகொண்டிருந்தால், அந்தத் துரதிர்ஷ்டத்தை இந்த இரண்டாவது கோடு காட்டாது.

ஆகவே கைகளைத் திரும்பப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எல்லோரும் பெரிய தொகை தோற்ற கைகளைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு புலம்புவார்கள். அவற்றில் பல யார் ஆடினாலும் தோற்றிருக்கும் கைகள். கசிவு இருப்பது சின்னத் தொகைகளில். பார்க்கலாமே என்று மூன்று டாலர் கொடுத்துப் பார்த்தது, எடுத்துப் போட்டிருக்க வேண்டிய கையை விட மனசில்லாமல் கூடவே போனது. இவற்றை முடிவை மறைத்துவிட்டு, தன்னைவிட நன்றாக ஆடும் ஒருவரிடம் காட்டிக் கேட்பது நல்லது. பதிவுகளை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். பெரிய தொகை ஒன்று போன அடுத்த அரை மணி நேரம் எப்படி ஆடியிருக்கிறோம் என்று பாருங்கள்.

அந்த அரை மணி நேரத்தைத்தான் ஆட்டக்காரர்கள் ‘டில்ட்’ என்கிறார்கள். தோல்வி மனதைக் கலைத்து, அந்தக் கலக்கம் அடுத்த தோல்வியைக் கொண்டுவருவது. ஜேர்ட் டெண்ட்லர் 2011ல் வெளியிட்ட ‘தி மென்டல் கேம் ஆஃப் போக்கர்’ நூலில் டில்ட்டை வகை பிரித்துக் காட்டுகிறார்: எனக்கு மட்டும் ஏன் இப்படி என்ற குமுறல், குறிப்பிட்ட ஓர் எதிராளியைப் பழிவாங்கும் வெறி, இவனெல்லாம் என்னை ஜெயிப்பதா என்ற இறுமாப்பு, எப்படியாவது என்ற பதற்றம். எனக்கு வருவது எது என்று தெரிந்தால்தான் அது தலைதூக்கும்போது அடையாளம் காண முடியும். பொத்தாம்பொதுவாக மனதைக் கட்டுப்படுத்து என்று சொல்வதால் ஒருவருக்கும் பயனில்லை.

விட்டதைப் பிடிக்கும் ஆசை ஏன் இவ்வளவு வலுவானது என்பதற்கு டேனியல் கானெமன், அமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979ல் எழுதிய கட்டுரையில் விளக்கம் இருக்கிறது. கிடைக்கும் லாபத்தைவிட அதே அளவு நஷ்டம் மனதை அதிகம் தாக்குகிறது. அந்த நஷ்டத்தை இன்னும் ஏற்றுக்கொள்ளாதவர், வேறு நேரத்தில் தொடவே மாட்டாத பந்தயத்திலும் துணிந்து இறங்கிவிடுகிறார். இணையத்தில் அடுத்த கை சில வினாடிகளில் வந்துவிடும். பணம் போட எழுந்து போக வேண்டியதில்லை. கிளப்பில் ஒரு மணி நேரத்துக்கு 25, 30 கை என்றால் இங்கே இரண்டு மேசையில் 140. நிதானம் திரும்புவதற்கு முன்னால் நஷ்டம் இரட்டிப்பாகிவிடும்.

அதனால் வரம்புகள் எல்லாம் ஆட உட்காருவதற்கு முன்பே போட்டவையாக இருக்க வேண்டும். மேசையில் வைக்கும் முழுத்தொகை, வழக்கமாக 100 பிக் பிளைண்ட், ஒரு ‘பை-இன்’. ஒரே நாளில் இரண்டோ மூன்றோ போனால் அன்று எழுந்துவிடுவது. மொத்தக் கையிருப்பு 20, 30 பை-இன்னுக்குக் கீழே இறங்கினால் சிறிய மேசைக்குப் போவது. இந்தக் கடைசி ஒன்றைத்தான் யாரும் செய்ய மாட்டார்கள், கௌரவப் பிரச்சினை. ஆனால் தோல்விக்குக் காரணம் சீட்டா ஆட்டமா என்று தெரியாத நிலையில் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் மருந்து இது ஒன்றுதான். டோர்னமென்ட் ஆடுபவர்களுக்கு இந்த எண்கள் போதாது. 100 போட்டியில் 15ல் பரிசு வாங்குபவர்கூட, அடுத்த 20 போட்டிகளில் ஒரு காசும் பார்க்காமல் போக 100க்கு 4 வாய்ப்பு உண்டு. நூற்றுக்கணக்கில் ஆடும்போது அது வந்தே தீரும்.

தளமே ஏமாற்றுகிறது என்ற சந்தேகமும் தொடர் தோல்வியின் கூடவே வரும். முழுக்கப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளவும் முடியாது. அப்சொல்யூட் போக்கர், அல்டிமேட் பெட் தளங்களில் எதிராளியின் சீட்டைப் பார்க்கும் வசதியோடு சிலர் ஆடியது 2007, 2008ல் அம்பலமானது. ஆனால் அதைக் கண்டுபிடித்தது வயிற்றெரிச்சல் அல்ல. ஆட்டக்காரர்கள் சிலர் பதிவுகளை எடுத்து, இப்படி ஆட சாத்தியமே இல்லை என்று எண்களால் காட்டினார்கள். உங்களிடம் அப்படி எண்கள் இல்லையென்றால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் இன்னொரு சங்கதி உண்டு. ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்த மாநிலச் சட்டப் பிரிவை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பிறகு மாநில அரசு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடத் தடை போட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் அதை ஏற்றது. டில்ட்டை அறிந்தவர்கள் அந்த நேரக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். அடுத்து, 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்தது. தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் உண்டு, ஆடுபவருக்கு இல்லை. பெரிய இந்தியத் தளங்கள் பணம் கட்டி ஆடுவதை நிறுத்திவிட்டன. பழைய நஷ்டத்தை மீட்க வெளிநாட்டுத் தளத்துக்குத் தாவுபவர், கணக்கு முடக்கப்பட்டால் போய்க் கேட்க ஆளில்லாத இடத்தில் பணத்தை வைக்கிறார்.

சட்டப்படி ஆட அனுமதி உள்ள நாடுகளில் வாழ்பவர்கள் தங்களைத் தாங்களே வெளியே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. பிரிட்டனில் ‘கேம்ஸ்டாப்’பில் பதிந்தால் அங்கே உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் மூடிவிடும், குறைந்தது ஆறு மாதம், நடுவில் மனம் மாறினாலும் திறக்காது. அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் டிஎஸ்எம்-5 கையேடு, சூதாட்டக் கோளாறுக்குச் சொல்லும் ஒன்பது அறிகுறிகளில் விட்டதைப் பிடிக்க மறுபடி மறுபடி வருவதும் ஒன்று. வீட்டில் மறைப்பதும், பணத்துக்குப் பிறரை நம்பி நிற்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஓராண்டுக்குள் இவற்றில் நான்கு இருந்தாலே அது கோளாறு என்று கணக்கு. கடன் வாங்கி ஆடத் தொடங்கிவிட்டவருக்கு மேலே சொன்ன திட்டவிலக்கம், கோடு எதுவும் உதவாது. இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் மனநல உதவி எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.