'அந்நியன்' தெரியும், மனச்சோர்வு தெரியுமா? தமிழ்ப் படங்கள் காட்டிய மனநோயும் கெடாவில் நாம் காணாமல் விட்டதும்

"உன்ன தஞ்சோங் ரம்புத்தான்லதான் கொண்டு போய் விடணும்!"

சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கம் வளர்ந்தவர்கள் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். சென்னைக்காரர்களுக்குக் 'கீழ்ப்பாக்கம்' எப்படியோ, நமக்குப் பேராவில் இருக்கும் இந்த ஊர் அப்படி. அங்கே 1911-ஆம் ஆண்டு முதல் மனநல மருத்துவமனை ஒன்று இயங்கி வருகிறது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி. ஆனால் கிண்டல் செய்ய யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

மனநல சிகிச்சை என்றாலே சிரிப்பு அல்லது பயம். இந்த இரண்டையும் நமக்குள் வளர்த்ததில் தமிழ் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ரப்பர் தோட்டக் காலத்தில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். பிறகு வீட்டுக்கு வீடு டிவி, இப்போது கைப்பேசி. ஊரில் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பார்த்தவர்கள் குறைவு. படத்தில் பார்க்காதவர் யாருமில்லை.

2005: ஒரே ஆண்டில் மூன்று படங்கள்

ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் 'அந்நியன்', செப்டம்பரில் 'கஜினி'. மூன்றும் வெற்றிப் படங்கள், மூன்றின் கதையும் மனதையோ மூளையையோ சுற்றித்தான் ஓடுகிறது.

'சந்திரமுகி'யின் மூலம் 1993-இல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்திரத்தாழ்'. வீட்டில் நடப்பது பேயின் வேலை அல்ல, கங்காவுக்கு மனநோய் என்று ரஜினி நடித்த டாக்டர் சரவணன் சொல்கிறார். பேய்ப் படமாகத் தொடங்கிய கதையில் ஒரு மருத்துவர் வந்து "இது நோய்" என்று சொன்னது பெரிய விஷயம்தான். ஆனால் நோய் தீரும் விதத்தைப் பாருங்கள்: விளக்கு, மந்திரம், வேட்டையன் வேடம், கடைசியில் ஒரு பொம்மையை எரித்ததும் எல்லாம் சரி. நிஜத்தில் சிகிச்சை என்பது வாரக் கணக்கில், மாதக் கணக்கில் மருந்தும் பேச்சும்தான். அதைப் படமாக எடுத்தால் டிக்கெட் விற்காது, உண்மைதான்.

'அந்நியன்' செய்த குழப்பம் இன்னும் பெரிது. அம்பி, ரெமோ, அந்நியன் என ஒருவருக்குள் மூவர் இருப்பது அரிதான ஒரு கோளாறு. மனச்சிதைவு என்பது முற்றிலும் வேறு. இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ தனக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, மெல்ல எல்லோரிடமிருந்தும் ஒதுங்கிப் போவது ஆகியவை அதன் அறிகுறிகள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. 'சிதைவு' என்ற சொல்லைக் கேட்டதும் ஆள் இரண்டாகப் பிளந்துவிட்டார் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய. "ஓ, அந்நியன் மாதிரியா?" என்று கேட்பார்கள். அதற்கு அடுத்த கேள்வி, "அப்போ கொலை செய்வானா?" இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. தாக்கப்படுவதும் ஏமாற்றப்படுவதும்தான் அவர்களுக்கு அதிகம் நடக்கிறது.

'கஜினி' நினைவிழப்பைப் பேசியது. அதுவும் பழிவாங்கலில் போய் முடிந்தது.

சங்கிலியும் நம்பிக்கையும்

இதற்கு முன்பே, 1999-இல், பாலா இயக்கிய 'சேது' வந்திருந்தது. தலையில் அடிபட்ட விக்ரமை ஒரு மடத்தில் சங்கிலியில் கட்டி வைப்பார்கள். அவர் குணமான பிறகும் "நான் சரியாயிட்டேன்" என்பதை யாரையும் நம்ப வைக்க முடியாது. படத்திலேயே என்னை அதிகம் உலுக்கியது காதல் அல்ல, அந்த இடம்தான்.

இரண்டே ஆண்டுகளில் அது செய்தியானது. 2001 ஆகஸ்ட் 6, தமிழ்நாட்டின் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. குணமாகும் என்று நம்பிக் குடும்பத்தார் விட்டுச் சென்ற மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கைக் கையில் எடுத்தது.

நம்ம தோட்டங்களிலும் முனீஸ்வரர் கோவில் உண்டு, திருவிழாவில் சாமியாடுவதும் உண்டு. அதை நோய் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாமி வந்தவர் திருநீறு பூசியதும் மலையேறி, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போய்விடுவார். வாரக் கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், தனியாகப் பேசிக்கொண்டிருப்பவர் விஷயம் வேறு. கோவிலுக்கும் கூட்டிப் போகலாம், கிளினிக்குக்கும் கூட்டிப் போகலாம். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டாம்.

சத்தமில்லாத நோய்

நம்மிடையே அதிகம் காணப்படும் மனச்சோர்வில் பின்னணி இசையும் கிடையாது, கண்ணை உருட்டுவதும் கிடையாது. அதனால்தான் சினிமா அதை அதிகம் தொடவில்லை. தொட்டபோதும் நாம் கவனிக்கவில்லை.

நல்ல உதாரணம் '3'. 'கொலவெறி' பாட்டை உலகமே பாடியது. 2012-இல் படம் வந்தபோது அதன் கதை இருமுனைக் கோளாறைப் பற்றியது: உற்சாகமும் கோபமும் ஒரு காலம், அடியில்லாத சோகம் இன்னொரு காலம் என மனம் இரு முனைக்கும் ஊசலாடும் நோய். தனுஷ் நடித்த ராம், நண்பனோடு மருத்துவரைப் பார்க்கிறான், மனைவியிடம் மட்டும் மறைக்கிறான். படத்தில் எனக்கு மிக உண்மையாகத் தெரிவது அந்த மறைப்புதான். "பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா?" என்ற கேள்வி கூலிமிலும் கேட்கும்.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'மயக்கம் என்ன'வில், தோல்வியும் விபத்தும் ஒரு புகைப்படக் கலைஞனைக் குடிக்கும் முரட்டுத்தனத்துக்கும் தள்ளுகின்றன. ஆண்களின் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, கோபமாகவும் குடியாகவும் வரும். படம் அதைச் சரியாகப் பிடித்தது. மனைவியின் பொறுமையையே மருந்தாகக் காட்டியதுதான் நெருடல்.

நம்ம நாட்டுப் படம்

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) மனநலப் படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வான அது, தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கு வீடுகளில் ஒதுங்கிய குடும்பங்களைப் பற்றியது. சிறுவன் அப்போய் படிக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார், ஆசையைப் பிரம்பால் சொல்கிறார். ஒரு சித்தப்பா போதையிலிருந்து மீண்டவர், இன்னொருவர் குண்டர் கும்பலில். யாருக்கும் எந்த நோயின் பெயரும் தரப்படவில்லை. ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் மனசு சரியில்லை.

கெடாவில் இதே கதை வேறு ஊர்ப் பெயர்களோடு நடந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில தோட்டங்கள் தாமான்களாயின. பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் 1996-இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். லயத்தில் அடுத்த வீட்டு அழுகை சுவரைத் தாண்டிக் கேட்கும், யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள். பிளாட்டில் கதவைச் சாத்திவிட்டால் சாத்தியதுதான்.

எண்கள் என்ன சொல்கின்றன? 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினருக்கு, சுமார் 10 லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருக்கிறது. 2019-இல் இது 2.3 விழுக்காடு. மலேசிய இந்தியர்களிடையே தற்கொலை விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதும் பல ஆண்டுகளாக ஆய்வுகளில் பதிவாகி வருகிறது.

மொழியும் ஒரு சுவர். பள்ளியில் படித்த பேரனுக்கு 'ஸ்ட்ரெஸ்', 'கெமுருங்கான்' என்ற சொற்கள் தெரியும். பாட்டி "நெஞ்சு கனமா இருக்கு, தலை பாரமா இருக்கு, தூக்கமே வரல" என்பார். கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உடன் போகும் பேரன் "பாட்டி ரெண்டு மாசமா யார்கூடவும் பேசறதில்ல, சாப்பாடும் குறைஞ்சிருச்சு" என்று சேர்த்துச் சொன்னால் மருத்துவர் கேட்கும் கேள்விகளே மாறும்.

எங்கே போவது?

தஞ்சோங் ரம்புத்தான் வரை போக வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசு கிளினிக் கெசிஹாத்தானில் மனநலப் பரிசோதனை கேட்கலாம், குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். தேவைப்பட்டால் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை போன்ற இடங்களின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள்.

"போலீஸ் கேஸ் ஆயிடுமோ" என்ற பயம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறை என்று சொன்ன தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நீக்க 2023-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்துவிட்டது. இப்போது உயிர் பிழைத்தவரைக் கூட்டிப் போக வேண்டிய இடம் மருத்துவமனை மட்டுமே.

உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால், சுகாதார அமைச்சின் 'ஹீல்' எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, இது 24 மணி நேரமும் இயங்குகிறது.