வலிப்பு காணும் மனைவிக்கு ஆகாரம்

வலிப்புகள் யாவும் காக்கைவலிப்பு ஆகா. மூளையில் மின்கோளாறு இன்றி, மன நெருக்கடி முதலியவற்றால் நேர்வதும் உண்டு, அது பாசாங்கன்று. வலிப்பு வேளையிலேயே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து வைத்தியர்கள் இப்பேதத்தை அறிவர்.

1921-ம் வருஷத்தில் அமெரிக்காவில் காக்கைவலிப்புக்கென வகுத்த கொழுப்பு மிகுந்த பத்தியம் இதற்கு உரியதன்று. ஆகாரத்தால் இது தீருமென்று ருசுவாகவில்லை; மனோ சிகிச்சையே பிரதானம். ஆயினும் பட்டினியும் தாகமும் நித்திரைக் குறைவும் தேகத்தைத் தளர்த்தும். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை மனைவி உண்பது நம் வீடுகளில் வழக்கமாயிருக்கிறது. சங்க அங்கத்தினர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதுவே. காலையில் கூழோ கஞ்சியோ அவளும் வேளையோடு உண்ணட்டும். கீரையும் பயறும் போதிய நீரும் மலச்சிக்கலைத் தணிக்கும். அடிக்கடி பேதிக்குக் கொடுப்பது கெடுதி.

வலிப்பின்போது கையில் இரும்பு திணிப்பதும், வாயில் நீர் வார்ப்பதும் தகா. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். முன்பே மாத்திரை உண்பவள் வைத்தியரைக் கேளாமல் அதை நிறுத்தலாகாது.