ராப் பாட்டு: வெறும் சத்தமா, சொல்லும் கலையா?

"என் பையன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ராப் கேட்கிறான். அதில் பாட்டே இல்லை, பேச்சுதான் இருக்கிறது. இதைக் கேட்டுக் கெட்டுப்போவானா?" பங்சாரில் ஒரு தாயார் என்னிடம் கேட்ட கேள்வி இது. நம்மில் பல பெற்றோருக்கும் இந்தக் கவலை உண்டு.

அந்த அம்மா சொன்னதில் பாதி சரி. ராப் என்பது பேச்சுதான். ஆனால் தாளத்துக்குள் கட்டிய பேச்சு.

இதன் தொடக்கத்தைப் பார்ப்போம். 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி, நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் விருந்து நடந்தது. ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் அதில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். பாட்டில் மேளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை நீட்டி, ஆட வைப்பது அவருடைய உத்தி. அந்த மேளத்தின் மேல் ஒலிவாங்கியில் பேசிய பேச்சே ராப் ஆக வளர்ந்தது. வசதியற்ற மக்களின் குரல் அது.

இதற்கு ஓர் அளவு உண்டு. நான்கு தட்டு ஒரு சுற்று. ஒரு பகுதிக்குப் பதினாறு சுற்று என்பது வழக்கம். அதற்குள் மூச்சுத் தவறாமல் சொல்லி முடிக்க வேண்டும்.

இனி நம் மொழிக்கு வருவோம். ஆங்கில ராப் பெரும்பாலும் வரியின் கடைசியில் ஒலி ஒன்றுவதை நம்பி நிற்கிறது. தமிழில் அதற்கு இயைபு என்று பெயர். நமக்கு மோனையும் எதுகையும்கூட இருக்கின்றன. பட்டம், சட்டம், வட்டம் என்று சொல்லிப் பாருங்கள். அந்த 'ட்' மேளம்போல் விழுகிறது. ஆனால் வந்தான், நின்றான், சென்றான் என்று முடிப்பது யாருக்கும் எளிது. அதைத் தாண்டிச் சொல் தேடுபவனே நல்ல கலைஞன்.

இதை நம் நாட்டுப் பிள்ளைகள் செய்து காட்டியிருக்கிறார்கள். 'பொயட்டிக் அம்மோ' குழுவில் புகழ்பெற்ற யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'யோகி பி & நட்சத்ரா' என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். 'நிழல்கள்' (1980) படத்தின் 'மடை திறந்து' பாடலை எடுத்து அவர்கள் செய்த ராப், கடல் கடந்து தமிழ்நாட்டிலும் ஒலித்தது. மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் கேட்டது. பொதுவாகச் சென்னையிலிருந்துதான் இங்கே பாட்டு வரும். அப்போது இங்கிருந்து அங்கே போனது.

குறையும் உண்டு. சில பாடல்களில் கெட்ட வார்த்தையும் குண்டர் கும்பல் பெருமையும் வருகின்றன. அவற்றைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டிக்கும் முன் கேட்க வேண்டும். மகனிடம் பாட்டின் வரிகளைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பொருள் இருந்தால் தாளிலும் நிற்கும். இல்லையென்றால் அவனுக்கே தெரிந்துவிடும். இலக்கணப் பாடம் கசந்த பையன், எதுகைக்காக அகராதியைப் புரட்டினால் நமக்கு நட்டமா?

2021இல் தீயும் அறிவும் பாடி வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து எழுதியதாக அறிவு சொல்லியிருக்கிறார். நமக்கு இது புதிய கதையா? பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பால்மரம் வெட்டிய பாட்டிகள் நம் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இதுதான்: "கதவைத் தட்டுங்கள் அம்மா. திட்டுவதற்கு அல்ல. பாட்டி அதிகாலையில் எழுந்து வெட்டுக்குப் போன கதையை அவனுக்குச் சொல்லுங்கள். அதைப் பதினாறு சுற்றில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவன் பாடும்போது பாட்டியும் பக்கத்தில் உட்காரட்டும்."