குறுகிய காலம் நிலைத்த சீதாவாக்கை இராச்சியத்தின் சாதனைகள்

எஹலியகொட, தெஹியோவிட்ட, யட்டியாந்தோட்டைப் பகுதித் தோட்டங்களிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் அவிசாவளையைக் கடந்தே செல்வர். 16ஆம் நூற்றாண்டில் இந்நகரே சீதாவாக்கை இராச்சியத்தின் தலைநகராக விளங்கியது. 1521 முதல் 1594 வரை ஏறத்தாழ 73 ஆண்டுகளே இது நிலைத்தது.

தோற்றம்

1521இல் கோட்டை மன்னன் விஜயபாகு கொல்லப்பட்டதும் (விஜயபா கொள்ளை) அவனது புதல்வர் மூவரும் இராச்சியத்தைப் பங்கிட்டனர். கோட்டை புவனேகபாகுவுக்கும், றைகம றைகம் பண்டாரவுக்கும், சீதாவாக்கை இளையவனான மாயாதுன்னைக்கும் கிடைத்தன.

சாதனைகள்

1. ஆட்சிப் பரப்பை விரிவாக்கியமை: றைகமவும் கோட்டையின் பெரும்பகுதியும் கைப்பற்றப்பட்டன. மாயாதுன்னையின் மகன் முதலாம் இராஜசிங்கன் 1582இல் கண்டியையும் கைப்பற்றினான்.

2. போர்த்துக்கேயரை எதிர்த்தமை: முல்லேரியாச் சமரில் போர்த்துக்கேயர் பெருந்தோல்வியடைந்தனர். 1565இல் அவர்கள் கோட்டை நகரைக் கைவிட்டுக் கொழும்புக்குச் சென்றனர். 1587-1588இல் இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டான்.

3. கலை, இலக்கியம்: அவிசாவளையில் உள்ள பெரெண்டி கோவிலின் கருங்கல் இடிபாடுகள் அக்காலச் சிற்பத்திறனுக்குச் சான்றாகும். அலகியவன்ன முகவெட்டி பாடிய 'செவுல் சந்தேசய', சீதாவாக்கையிலிருந்து இரத்தினபுரி சமன் தேவாலயத்துக்குச் சேவலைத் தூது விடும் காவியமாகும்.

வீழ்ச்சிக்கான காரணங்கள்

* பலமான கடற்படை இல்லாமை. கோவாவிலிருந்து கடல்வழியே உதவி வந்தமையால் கொழும்பு முற்றுகை தோல்வியுற்றது.
* கோனப்பு பண்டாரவின் தலைமையில் கண்டி பிரிந்து சென்றமை.
* 1593இல் இராஜசிங்கன் இறந்தபின் தகுதியான வாரிசு இல்லாமை.

ஒப்பிட்டு விளங்குக

சீனாவின் சின் வம்சம் கி.மு. 221இல் நாட்டை ஒன்றிணைத்து, 15 ஆண்டுகளில் வீழ்ந்தது. எனினும் அது ஏற்படுத்திய பொதுவான எழுத்துமுறையும் மத்திய நிருவாகமும் பின்வந்த ஹான் வம்சத்திலும் தொடர்ந்தன. சீதாவாக்கையின் ஒற்றுமையோ மன்னனின் படைபலத்தையே நம்பியிருந்தது; அவன் மறைந்ததும் அதுவும் குலைந்தது.

மாணவர் கவனத்துக்கு

"போர்த்துக்கேயர் தோற்கடித்தமையால் சீதாவாக்கை அழிந்தது" என மட்டும் எழுதுவது முழுமையான விடையாகாது. உட்பிளவே முதலில் அதனைப் பலவீனப்படுத்தியது. ஆயினும் அதன் எதிர்ப்புப் போராட்டம் வீணாகவில்லை. பிரிந்து சென்ற கோனப்பு பண்டாரவே முதலாம் விமலதர்மசூரியன் என்னும் பெயரில் கண்டியை ஆண்டு அதனைத் தொடர்ந்தான். கண்டி இராச்சியம் 1815 வரை நிலைத்தது.