அளவறிந்து உண்ணும் மருந்து

மருந்து என்றவுடன் நோய் தீர்தலே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் நோயை அடியோடு தீர்க்காமல், அதன் கொடுமையைத் தணித்து, நோயாளியை நாள்தோறும் காத்து நிற்கும் மருந்துகளும் உள. அத்தகைய மருந்தை உண்பவர் அதன் இயல்பையும் அளவையும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். அவ்வகை மருந்து ஒன்றைப் பற்றி இன்று மாணவர்களாகிய உங்களிடம் பேச விழைகின்றேன். அதன் பெயர் ஹைட்ராக்சியூரியா. அரிவாள் அணுச் சோகை என்னும் இரத்த நோய்க்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது அது.

முதலில் நோயின் தன்மையைக் காண்போம். நம் குருதியிலுள்ள சிவப்பணுக்கள் வட்டத் தட்டுப் போன்றவை. வளைந்து கொடுக்கும் மென்மை உடையவை. மயிரிழையினும் நுண்ணிய குழாய்களினுள்ளும் அவை நெளிந்து சென்று, உடலெங்கும் பிராணவாயுவைச் சேர்க்கின்றன. பிராணவாயுவைச் சுமப்பது அவற்றினுள் இருக்கும் ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம். இந்நோய் உடையவரிடம் அப்புரதத்தின் அமைப்பில் பிறப்பிலேயே ஒரு சிறு மாற்றம் உளது. பிராணவாயுவை இறக்கி வைத்தவுடன் அது நீண்ட நாராகத் திரண்டு விறைக்கிறது. அணுவும் கதிர் அறுக்கும் அரிவாள் போல் வளைந்து இறுகுகிறது. இறுகிய அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும்போது கை, கால், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் பொறுத்தற்கரிய வலி தோன்றும். இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அரிவாள் அணுவோ 10 முதல் 20 நாளில் அழிந்துபடும். சோகை உண்டாவது இதனாலேயே.

மருத்துவ ஏடுகளில் இவ்வணுக்களை முதலில் வரைந்து காட்டியவர் அமெரிக்காவின் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், ஆண்டு 1910. இந்நோயின் வேர் ஹீமோகுளோபின் மூலக்கூற்றிலேயே இருக்கிறது என்று 1949இல் லைனஸ் பாலிங்கும் அவர்தம் துணைவர்களும் மெய்ப்பித்தனர். 1957இல் வெர்னன் இங்கிராம் அம்மாற்றம் இன்னதெனக் கண்டார். 146 கண்ணிகள் கொண்ட ஒரு புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மாறியிருக்கிறது, அவ்வளவே. நம் நாட்டில் இவ்வணுக்கள் உண்டென்பது 1952இல் வெளிவந்தது. அதற்குச் சான்று கிடைத்த இடம் நமது நீலகிரி மலை. அங்குள்ள பழங்குடி மக்களின் குருதியை ஆராய்ந்து எழுதியவர்கள் லேமன், கட்புஷ் என்போர். குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா ஆகிய பகுதிகளின் பழங்குடி மக்களிடையேயும் இந்நோய் காணப்படுகிறது.

இது தொற்றுநோய் அன்று. ஒரே பலகையில் அமர்வதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ பரவாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்ற குழந்தைக்கே நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். எனினும் அதனைத் தம் மக்களுக்கு வழங்கக்கூடும்.

இனி மருந்து பிறந்த கதைக்கு வருவோம். இந்நோயுடன் பிறந்த குழந்தைகள் முதற் சில மாதங்கள் துன்பமின்றி இருப்பர். அவர்களது குருதியில் அரிவாள் வடிவம் கொள்ளும் அணுக்கள் மிகக் குறைவு என்பதை 1948இல் நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் எடுத்துக்காட்டினார். கருவில் இருக்கும்போது சுரக்கும் ஒருவகை ஹீமோகுளோபின், பிறந்த பின்னும் சில காலம் தங்கி, அணுக்கள் விறைக்காமல் காக்கிறது. குழந்தை வளர வளர அது குறைகிறது, நோய் தலைதூக்குகிறது. அந்தக் காவற் பொருளை மீண்டும் சுரக்கச் செய்ய இயலுமா என்று அறிஞர்கள் ஆராயத் தொடங்கினர். 1869இலேயே ஜெர்மனியில் ஆக்கப்பட்டு, பின்னர்ச் சில புற்றுநோய்களுக்கு வழங்கப்பட்டுவந்த ஹைட்ராக்சியூரியா அப்பணியைச் செய்வது தெரியவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 299 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1995இல் வெளியாயிற்று. மருந்து பெற்றவர்க்கு வலி வரும் தடவைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன.

இவ்வளவு நலம் தரும் மருந்தை அளவறிந்து உண்ண வேண்டும் என்று நான் வற்புறுத்துவது ஏன்? நலம் செய்யும் அதே வழியில் அது தீங்கும் செய்ய வல்லது. எலும்பு மஜ்ஜையில் அணுக்கள் பெருகும் வேகத்தை அது குறைக்கிறது. குறைப்பு அளவோடு இருந்தால் நன்மை. மிகுந்தால் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும், குருதி உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்துவிடும். ஏரி மதகை ஓர் அங்குலம் திறந்தால் பயிருக்கு நீர். முழுதும் திறந்தால் பயிரே மூழ்கும். மதகு திறக்கும் அளவை நீர்மட்டம் பார்த்தே முடிவு செய்வர். இம்மருந்துக்கு அந்த நீர்மட்டக் கோல், இரத்தப் பரிசோதனை. பரிசோதனையின்றி இம்மருந்தை உண்பது, கோலைப் பாராமல் மதகைத் திறப்பதற்கு ஒப்பாகும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் ஆகிய நான்கும் சேர்ந்ததே என வள்ளுவர் வகுத்துள்ளார். நாமும் அந்நான்கினையும் வைத்து இதனைப் பார்ப்போம்.

மருத்துவர் முதலில் நோயாளியின் எடையைப் பார்க்கிறார். பெரும்பாலும் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்று தொடங்குவது வழக்கம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இக்கணக்குப்படி 750 மில்லிகிராம் வரும். கடையில் கிடைக்கும் காப்சூலோ பெரும்பாலும் 500 மில்லிகிராம். ஆகவே ஒருநாள் ஒன்று, மறுநாள் இரண்டு எனச் சீட்டில் எழுதக்கூடும். சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு அளவு இன்னும் குறையும். இக்கணக்கைச் சொன்னது, ஒருவரது அளவு மற்றவர்க்குப் பொருந்தாது என்பதை விளக்கவே. ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் இந்நோய் இருப்பினும், அண்ணன் மருந்தைத் தம்பி உண்ணலாகாது. தொடக்கத்தில் இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், அளவு நிலைபெற்ற பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தம் பரிசோதிக்கப்படும். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ ஒன்றரை முதல் நாலரை இலட்சம் வரை இருக்கவேண்டிய தட்டணுக்கள் 80,000க்குக் கீழே இறங்கினால் மருத்துவர் மருந்தைச் சில நாள் நிறுத்தி வைப்பார். அணுக்கள் மீண்டபின் அளவு குறைத்துத் தொடங்குவார்.

அடுத்து, மருந்து. காப்சூலைத் திறக்கவோ நசுக்கவோ மெல்லவோ கூடாது. தண்ணீருடன் முழுதாக விழுங்க வேண்டும். விழுங்க இயலாத குழந்தைக்கு என்ன செய்வதென மருத்துவரையே கேட்க வேண்டும். மருந்தைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவுதல் நன்று. நோயாளி அல்லாதார் எடுத்துக் கொடுக்க நேரின் கையுறை அணிய வேண்டும். கருவுற்ற பெண்கள் அதனைக் கையாளாதிருத்தல் நலம். தூள் சிந்தினால் ஈரத்தாளால் துடைத்து, அத்தாளைப் பையிலிட்டுக் கட்டி எறிக. சிறு குழந்தைகளுக்கு எட்டாத உலர்ந்த இடத்தில் வைத்துக் காத்தல் வேண்டும்.

மூன்றாவது, நோயாளி. அவர் முதலில் உணர வேண்டியது, இது வலி நிவாரணி அன்று என்பது. வலி வந்த நேரத்தில் இரண்டாக விழுங்கினால் வலி தணியாது, அணுக்களே குறையும். மருந்தின் பயன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். இம்மாதங்களில் மனந்தளர்ந்து விடுவோர் சிலர். வலி நின்றபின், நோய் போயிற்று என எண்ணி விடுவோர் சிலர். இருவரும் இழப்பது ஒன்றே. மருந்து நிற்குமாயின் அந்தக் காவற் பொருள் குறைந்து, வலி திரும்பும். ஒருநாள் மறந்தால் அன்றே நினைவு வரும்போது உண்ணலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து உண்ணுதல் தவறு. இன்னொன்றும் சொல்வேன். இம்மருந்தை ஒழுங்காக உண்பவரின் சிவப்பணுக்கள் சற்றுப் பருத்துக் காணும். பரிசோதனைத் தாளைப் பார்த்தே மருத்துவர் அதனை உய்த்தறிவார். ஆதலின் உண்ணாத நாட்களை மறைப்பதில் பயனில்லை. உண்மையைக் கூறினாலன்றோ அவர் சரியான அளவை வகுக்க இயலும்?

காய்ச்சல் 101.3 பாரன்ஹீட், அதாவது 38.5 செல்சியஸ் அளவைத் தொட்டால் காலைவரை காத்திராது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஈறிலோ மூக்கிலோ குருதி கசிதல், காரணமின்றித் தோலில் கன்றிய தடங்கள், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, திடீரென ஒரு பக்கம் தளர்தல் ஆகியவையும் அவ்வாறே. நகம் கருத்தல் உண்டாகலாம். அது கண்டு அஞ்ச வேண்டா, மருத்துவரிடம் சொன்னால் போதும். தடுப்பூசிகளுள் சில இம்மருந்துடன் பொருந்தா. போடுமுன் இம்மருந்தைப் பற்றித் தெரிவிக்க வேண்டும். கருவில் உள்ள சிசுவுக்கு இது தீங்கு செய்யக்கூடும். ஆதலின் மணம் புரிந்தோர், ஆணாயினும் பெண்ணாயினும், குழந்தைப்பேற்றை எண்ணுமுன் மருத்துவரைக் கலந்து பேசுதல் கடமை.

நான்காவது, உடனிருப்போர். இங்கேதான் மாணவர்களாகிய உங்களுக்குப் பங்கு உண்டு. வலி வந்து பள்ளிக்கு வாராத பிள்ளையைச் சோம்பேறி என்று வகுப்பு பழிப்பதுண்டு. வெளியில் காயம் தெரியாத வலி அது. பார்ப்பவர்க்கு நம்ப அரிது. நீர் வறட்சியும் குளிரும் மிகுந்த களைப்பும் அவ்வலியைத் தூண்டக்கூடியவை. ஆகவே அவன் வகுப்பில் நீர் அருந்தவும், அடிக்கடி வெளியே சென்று வரவும், ஓட்டப் பந்தயத்தில் இடையே நின்று இளைப்பாறவும் ஆசிரியர் இசைய வேண்டும். பரிசோதனை நாளில் அவன் தவறவிட்ட பாடத்தை எழுதிக் கொடுப்பது நண்பன் செய்யக்கூடிய மருத்துவம். மருந்து உண்பதை வெட்கத்தால் மறைக்கும் பிள்ளை, விடுதியிலும் சுற்றுலாவிலும் அதனை உண்ணாமல் விட்டுவிடும். கேலி பேசாத தோழர்கள் நடுவே அவ்வெட்கம் எழாது.

2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் மத்தியப் பிரதேசத்துச் ஷாடோலில் நம் நாட்டு அரசு இந்நோயை ஒழிப்பதற்கென இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. 2047ஐ எல்லையாகக் குறித்துள்ளது. சோதனையும் மருந்தும் அதன்வழி மலைச் சிற்றூர்களை அடைய வேண்டும். அடைந்த மருந்து பயன் தருவது, அதனை உண்பவர் கையிலும் உடனிருப்போர் கையிலும் இருக்கிறது. நாள் தவறாமல் உண்ணுதல், தவணை தவறாமல் இரத்தம் காட்டுதல் ஆகிய இவ்விரண்டும் பிரியாமல் நடக்கும் வரை, இம்மருந்து அஞ்சத்தக்கது அன்று.