பழைய வீட்டில் எதை வைப்பது, எதை எடுப்பது? லண்டன் 'ரெட் ஹவுஸ்' சொல்லும் கதை

பழைய வீடு ஒன்றைப் பாதுகாக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் அடித்த சாயம், ஒட்டிய வால்பேப்பர், செய்துவைத்த அலமாரி... எல்லாத்தையும் எடுத்துட்டா அசல் வீடு கிடைச்சிடுமா?

விக்டோரியா மகாராணி காலத்தில் கட்டப்பட்ட ஒரு தனிவீட்டைப் பார்ப்போம்.

யாருடைய வீடு?

லண்டனின் தென்கிழக்கில் பெக்ஸ்லிஹீத் என்ற இடத்தில் இருக்கிறது 'ரெட் ஹவுஸ்'. வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸுக்காக அவருடைய நண்பர் பிலிப் வெப் 1859இல் வடிவமைத்தார். மோரிஸ் 1860இல் குடியேறினார்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

* செங்கல்: அப்போது பல வீடுகளில் செங்கல்மேல் சாந்து பூசி, கல் கட்டடம் மாதிரி காட்டுவார்கள். இங்கே செங்கல் அப்படியே தெரியும். பெயரும் அதனால்தான்.
* ஜன்னல்: வெளியிலிருந்து பார்க்க ஒரே வரிசையில் இருக்காது. உள்ளே இருக்கும் அறைக்கு எது தேவையோ, அந்த அளவில், அந்த இடத்தில் வைத்தார்கள்.
* சுவர்: மோரிஸும் நண்பர்களும் தாங்களே ஓவியம் தீட்டினார்கள். அந்தக் கூட்டணியே 1861இல் அலங்காரப் பொருள் நிறுவனமாக மாறியது.

குறையும் உண்டு. முக்கிய அறைகள் வடக்கு நோக்கி இருந்ததால் வெயில் போதவில்லை; குளிர். 1865இல் மோரிஸ் வீட்டைவிட்டு வெளியேறினார்.

பிறகு என்ன ஆச்சு?

வீடு கை மாறியது. சில ஓவியங்கள் மறைந்தன. 2003இல் 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்பு வீட்டை வாங்கியது. 2013இல் ஓர் ஆச்சரியம்!

படுக்கையறையில் வால்பேப்பருக்கும் பெரிய அலமாரிக்கும் பின்னால் சுவர் முழுக்க ஓவியம். ஆதாம், ஏவாள், நோவா உள்ளிட்ட பைபிள் பாத்திரங்கள். தொங்கும் திரைச்சீலையில் தீட்டியதுபோலவே வரைந்திருந்தார்கள்.

அப்போ, எல்லாத்தையும் சுரண்டிடலாமா?

அங்கேதான் சிக்கல். வால்பேப்பரும் அந்த வீட்டின் வரலாறுதான். எடுத்துவிட்டால் திரும்ப வராது.

இன்னொரு விஷயம்: பழைய கட்டடங்களை 'அசல்' நிலைக்குக் கொண்டுவருகிறோம் என்று சுரண்டுவதை எதிர்த்தவரே மோரிஸ்தான். அதற்காக 1877இல் ஒரு சங்கமே தொடங்கினார். ஒவ்வொரு காலமும் விட்டுப்போன தடயத்தை அழிக்காமல், பழுதை மட்டும் பாருங்கள் என்பது அவர்களின் வாதம்.

நம்ம ஊரில்?

சிங்கப்பூரின் பாதுகாக்கப்பட்ட கடைவீடுகளுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் மூன்று விதிகள் வைத்திருக்கிறது: முடிந்தவரை அப்படியே விடுவது, பக்குவமாகப் புதுப்பிப்பது, கவனமாகப் பழுதுபார்ப்பது. அந்த வரிசையில் முதலில் வருவது 'அப்படியே விடுவது'.

அடுத்த முறை லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டைப் பார்த்தால், "இது எந்த வருஷம் கட்டினது?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இதுல யார் யார் என்னென்ன மாத்தினாங்க?" என்றும் கேட்டுப்பாருங்கள்.