நிலை மூன்றடி, வழி எவ்வளவு?

சக்கர நாற்காலிக்குப் புதிதாக வந்தவரின் கண் வாசலை இன்னும் தோளை வைத்தே அளக்கிறது. வழி தோளகலத்தைப் போல் 1.3 மடங்குக்குக் குறைந்தால் நடப்பவர்கள் தம்மை அறியாமலே உடம்பை ஒருக்களித்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் வாரனும் வாங்கும் 1987இல் காட்டினார்கள். நாற்காலியை ஒருக்களிக்க முடியாது. ஜப்பானின் ஹிகுச்சி குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், புதியவர்கள் தேவையான அகலத்தைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். நாற்காலி 65 செ.மீ. என்றால், சக்கர வளையத்தைத் தள்ளும் விரல்முட்டி அதற்கும் வெளியே நிற்கும். நிலைக்காலில் முதலில் சிராய்ப்பது அதுதான்.

கண் பழகிவிடும், அளவுநாடாவின் ஏமாற்று பழகாது. வாசலில் தடையற்ற வழி 90 செ.மீ. வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2021 வழிகாட்டி. ஆசாரியிடம் ‘மூன்றடி நிலை’ என்றால் அது பெரும்பாலும் வெளிமட்ட அளவு. 91 செ.மீட்டரில் இரண்டரை அங்குலக் கால்கள் இரண்டு போக 78. திறந்த கதவின் கனமும் கீல் பக்கம் வழியில் நின்றால் 75. கழிப்பறைக்கு வழக்கமான இரண்டரை அடி நிலையில் இதே கணக்கு 60க்கு இறங்குகிறது. நாற்காலி நுழையாது. ஆனால் ‘கழிப்பறை வசதி உண்டு’ என்ற அறிக்கையில் இந்தக் கழித்தல் எங்கும் இருக்காது.

திருப்பம் இன்னும் கொடுமை. 65 செ.மீ. அகலமும் 105 செ.மீ. நீளமும் உள்ள நாற்காலி நின்ற இடத்தில் திரும்ப, மூலைக்கு மூலை 124 செ.மீ. கேட்கும். மூன்றடி முடுக்கில் நேராகப் போகிறவர், பக்கவாட்டு வளவு வாசலுக்குள் திரும்ப முடியாமல் நிற்பது இதனால்தான். வாசல் அகலமாக இருந்தும் பயனில்லை.

பொதுக் கட்டடங்களைச் சீராக்க 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனில் முடிந்தது. அச்சட்டத்தின் கீழ் வந்த விதி 15(1) பரிந்துரையாகவே நிற்கிறது, கட்டாயப்படுத்தவில்லை என்று கூறி, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அதை ரத்து செய்தது. கட்டாய விதிகளுக்கு மூன்று மாதம் கொடுத்தது. வழிகாட்டி இருக்கிறது என்ற அதிகாரிகளின் பதில் அதோடு செல்லாததாயிற்று.

வாசகர்களின் மற்ற கேள்விகள்:

எப்படி நுழைவது? தூரத்திலேயே நேராக்கிக்கொண்டு, வாசலில் வளையத்தை விட்டு நிலைக்காலைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி எங்கே? தென்காசி அருகே ஆய்க்குடியில், தாமும் சக்கர நாற்காலியில் இயங்குபவரான எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தில்.

படிக்குச் சரிவு? ஒன்றுக்குப் பன்னிரண்டு, 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். முடுக்கில் இடமில்லையென்றால் அதை வீட்டுக்குள்தான் இறக்க வேண்டும்.